அம்பு இல்லாத பக்கம்

மூன்றாவது பீரியடுக்கு மணி அடித்து ஓய்ந்த பிறகும் ஜெசிந்தா வாசற்படியிலேயே நின்றாள். ஒரு நிமிஷம் மூச்சை ஒழுங்கு பண்ணிக்கொண்டு உள்ளே போகலாம் என்று பார்த்தால், "டீச்சர் வந்து நிக்கிறாங்க" என்று முதல் பெஞ்சிலிருந்து குரல் வந்துவிட்டது. சும்மா நிற்பதுகூட இவர்களுக்குக் கேட்டுவிடும். திண்டுக்கல்லுக்கு வெளியே, பழனி ரோட்டில், பார்வையற்ற பிள்ளைகளுக்கான இந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் ஜூன் மாதம் சேர்ந்தாள், இது செப்டம்பர். அதற்கு முன்னால் எட்டு வருஷம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். அங்கே முகத்தைச் சரிசெய்துகொண்டால் போதும். வீட்டில் புருஷன் ஸ்டீபனோடு சண்டை போட்டுவிட்டு வந்த நாளில்கூட ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நாற்பது நிமிஷத்தை ஓட்டிவிடலாம். இங்கே முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? குரல் கொஞ்சம் கம்மினால் போதும், ஆறாம் வகுப்பின் ஒன்பது தலைகளும் ஒரே சமயத்தில் நிமிரும். இன்றைக்குப் பத்து. கடைசி பெஞ்சில் சுவரை ஒட்டி இராயப்பன் சார் உட்கார்ந்திருந்தார். ஹெட்மாஸ்டர். நாலு வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போய், இதே பள்ளியில் படித்து, இதே பள்ளிக்கு ஹெட்மாஸ்டராக வந்தவர். ஐம்பத்தேழு வயது. மடக்குக் கோலை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, செய்தி கேட்க ரேடியோ முன்னால் உட்கார்ந்த மனிதரைப்போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காத்திருந்தார். போன மாதம் அவள் லீவு கேட்க ஆபீஸ் ரூமுக்குப் போய் வாயைத் திறக்குமுன்னே, "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்று கேட்டவர். அப்படிப்பட்ட காதுக்கு முன்னால் உலர்ந்த தொண்டையோடு பாடம் நடத்த வேண்டும். அவள் பாட்டிலைத் திறந்து ரெண்டு மடக்குக் குடித்தாள். குடித்ததுகூட அவருக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தாள். கேட்கட்டும், தண்ணீர்தானே குடித்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

இந்த வம்பு அவளாக விலைக்கு வாங்கிக்கொண்டது. ஜூலையில் ஒருநாள் மூன்றாவது பாடத்தை முடித்துவிட்டு நேராக ஐந்தாவது பாடத்துக்குப் போனபோது நாகஜோதி எழுந்து, "நாலாவது பாடம் எங்க டீச்சர்?" என்றாள். நாகஜோதிக்கு ரெண்டாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம். பிறவியிலேயே பார்வை இல்லை. எதையும் எண்ணி வைத்துக்கொள்கிற பெண். படிக்கட்டு, ஜன்னல் கம்பி, தட்டில் விழும் இட்லி எல்லாவற்றுக்கும் அவளிடம் கணக்கு உண்டு, பாடத்துக்கும் இருந்திருக்கிறது. "அது படம் போடுற பாடம்டா" என்று ஜெசிந்தா சொன்னாள். "ஓ" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று கேட்டிருக்கலாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கலாம், அப்படியென்றால் ஜெசிந்தா எதையாவது சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கலாம். ஓ என்பதற்கு என்ன சமாதானம் சொல்வது? பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, குக்கர் விசிலை எண்ணும்போது, அந்த ஓ வந்து நின்றது. கடைசியில் ஆபீஸ் ரூமில் சாரிடம் போய் வடிவியல் பாடத்தை நடத்தட்டுமா என்று கேட்டாள். "ஜாமெட்ரி நமக்கு எதுக்கும்மா?" என்றார் அவர், கோபமே இல்லாமல். "பரீட்சையில படத்துக்குப் பதிலா வேற கேள்வி குடுத்துருவாங்க. இந்தப் பாடத்தை இங்க எப்பவுமே தாண்டித்தான் போறது. நானே தாண்டித்தான் வந்தேன். எம்.ஏ. முடிச்சேன், ஹெட்மாஸ்டரும் ஆயிட்டேன். ஒரு கோடு இல்லாம எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" அவள் ஒரே ஒரு பீரியட் கேட்டாள். அவர் யோசித்து, "வியாழக்கிழமை மூணாவது பீரியட். நானும் வந்து உக்காருறேன். பிள்ளைங்க கைக்குப் பிடிபட்டுச்சுன்னா முழுப் பாடத்தையும் நடத்துங்க. பிடிபடலன்னா விட்டுறணும், இந்த வருஷம் மட்டுமில்ல, எப்பவும். நடத்திப் பாத்தோம், ஆகலன்னு ஒரு தடவை ஆயிருச்சுன்னா அப்புறம் எந்த டீச்சரும் கேக்க மாட்டாங்க, தெரியுமில்ல?" என்றார். தெரியும் சார் என்றாள். அப்போது தெரிந்தது வேறு, இப்போது வாசலுக்கும் மேசைக்கும் நடுவில் ஏழெட்டு அடி நடக்கும்போது தெரிவது வேறு. இவள் ஒருத்தி இன்றைக்குச் சொதப்பினால், இனிமேல் இந்த அறைக்கு வரப்போகிற எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்து அந்தப் பாடம் போய்விடும்.

மேசைமேல் பத்துக் கட்டுகள் இருந்தன. ஒவ்வொரு கட்டிலும் நாலு தடித்த தாள், மேல் மூலையில் நூலால் தைத்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பூராவும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளே செய்தவை. தாளை ரப்பர் விரிப்பில் போட்டு, பென்சிலால் கோடு இழுத்து, அதன்மேல் டெய்லர்கள் துணியில் தடம் போட உருட்டுகிற பல் சக்கரத்தை அழுத்தி உருட்டினால், மறுபக்கத்தில் மணி மணியாகப் புடைத்துக்கொண்டு ஒரு வரி எழும்பும். விரலுக்கு அதுதான் கோடு. புள்ளிக்குக் குத்தூசி. முதல் தாளில் நடுவில் ஒரே ஒரு புள்ளி. ரெண்டாவதில் கோடு, ரெண்டு முனையிலும் அம்பு. மூன்றாவதில் கோட்டுத்துண்டு, ரெண்டு முனையிலும் புள்ளி. நாலாவதில் கதிர், ஒரு முனையில் புள்ளி, மறு முனையில் அம்பு. "ஒரு புள்ளி வைக்கிறதுக்கா ஞாயித்துக்கிழமையே போச்சு?" என்று ஸ்டீபன் கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. கண்ணுள்ள வகுப்பில் இதெல்லாம் ஐந்து நிமிஷ வேலை. சாக்பீஸால் போர்டில் ஒரு தட்டு, இது புள்ளி. ஒரு இழுப்பு, இது கோடு. எங்கே, எல்லோரும் நோட்டில் வரையுங்கள். பாருங்கள், பாருங்கள் என்று சொல்லியே எட்டு வருஷம் பிழைத்திருக்கிறாள். இங்கே சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பிள்ளை எழுந்து நின்று, "விடை பன்னெண்டா டீச்சர்?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போர்டு பக்கம் திரும்பிவிட்டாள். போர்டு எதற்கு, யாருக்கு, அதுவும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் பிள்ளை நின்றபடியே நிற்கிறது, பதிலுக்கு. ஒரு நிமிஷம் நின்றிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. இன்றைக்குத் தலையாட்டக் கூடாது, கையை நீட்டிக் காட்டக் கூடாது, பாருங்கள் என்று சொல்லக் கூடாது. மூன்று கூடாதுகளை வாய்க்குள் உருட்டிக்கொண்டே கட்டுகளைக் கொடுத்துவந்தாள். பத்தாவது கட்டை சார் கையில் வைத்தாள். அவர் அதை மடியில் வைத்து உள்ளங்கையால் மூடிக்கொண்டார், பிரிக்கவில்லை.

"முதல் தாள். நடுவுல ஒரு இடத்துல விரல் தட்டுதா? தட்டினா சொல்லுங்க" என்றாள். முதல் பெஞ்சிலிருந்து வரிசையாக வந்தது, வந்துருச்சு டீச்சர், வந்துருச்சு டீச்சர், வந்துருச்சு டீச்சர். இந்தப் பள்ளியின் வழக்கம் அது. டீச்சர் ஒன்றைத் தேடச் சொன்னால் பெஞ்சு வரிசைப்படி, ஒருத்தர் முடித்து அடுத்தவர், வந்துருச்சு என்று சொல்ல வேண்டும். ஒன்பதாவது குரல் எப்போதும் மூன்றாவது பெஞ்சுக் கோடியில் இருக்கும் ரியாஸினுடையது, கொஞ்சம் அவசரமாக வரும். அதுதான் புள்ளி என்று அவள் சொல்லி முடிக்கவில்லை, நாகஜோதி, "இது 'அ' தான டீச்சர்" என்றாள். பிரெய்ல் எழுத்தில் அ என்பது ஒற்றைப் புள்ளிதான். இவர்கள் வாழ்க்கையில் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட எழுத்தே ஒரு புள்ளி. அதை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு இது வேறு என்றால் யார் நம்புவார்கள்? ஞாயிற்றுக்கிழமை மதியம் பூராவும் இது ஏன் தோன்றவில்லை? "அது எழுத்து. இது எழுத்து இல்ல, இடம்" என்றாள். சொன்னபிறகு இடம் என்றால் என்னவென்று தனக்கே தெரியுமா என்று ஒரு பயம். புத்தகத்தில் நீளமும் அகலமும் இல்லாதது என்று போட்டிருக்கிறது. விரலுக்கோ கடுகளவு தடிப்பு தட்டுகிறது. கண்ணுள்ள பிள்ளை சாக்பீஸ் தூளைப் பார்த்துக்கொண்டே நீளமும் இல்லை அகலமும் இல்லை என்று நம்பிவிடும், பார்ப்பதற்கும் நம்புவதற்கும் அதற்குச் சம்பந்தமே வேண்டாம். இந்த விரல்களை ஏமாற்ற முடியாது. "தடிப்பா இருக்கே டீச்சர்" என்று யாரோ சொன்னார்கள். அவள் புத்தகத்தைப் புரட்டினாள், பின்னால் சாரின் பெஞ்சு ஒருமுறை கிறீச்சிட்டது. அப்போது ரியாஸ், "ஊசி போட்டுட்டு வந்தப்புறம் எங்க போட்டாங்கன்னு கேட்டா ஒரு இடம் சொல்லுவோம்ல. அது மாதிரியா டீச்சர்?" என்றான். அதேதான்டா என்றாள். அதேதான் என்று ரெண்டு தடவை சொல்லிவிட்டாள். ரெண்டாவது தடவை குரலில் இருந்த நன்றி சாருக்குக் கேட்டிருக்கும், ஒரு டீச்சர் ஆறாம் வகுப்புப் பையனிடம் பிச்சை வாங்கியது கேட்டிருக்கும்.

ரெண்டாவது தாள் அவ்வளவு மோசமில்லை. கோடு, ரெண்டு பக்கமும் அம்பு, அம்பு என்றால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். பழனிக்கா, மெட்ராஸுக்கா. அதற்கு மேலேயும் என்றாள். கடலுக்குள்ளேயா என்று கேட்டார்கள், கடலைத் தாண்டியும் என்றாள். வந்துருச்சு டீச்சர், வந்துருச்சு டீச்சர் என்று ஒன்பதும் வந்தது, பத்தாவதாகப் பின்னாலிருந்து ஒரு செருமல். செருமல் நல்லதா கெட்டதா? இராயப்பன் சார் பிரேயரில் பேசுவதற்கு முன்னால் செருமுவார், யாரையாவது திட்டுவதற்கு முன்னாலும் செருமுவார். சாகசமாகக் கடலைத் தாண்டியெல்லாம் போயிருக்க வேண்டாமோ, ரெண்டு அம்பு என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாமோ. மூன்றாவது தாள், கோட்டுத்துண்டு, ரெண்டு பக்கமும் புள்ளி, ரெண்டு பக்கமும் நின்றுவிடும். உங்கள் பெஞ்சின் விளிம்பு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. ஒன்பது கைகள் பெஞ்சு விளிம்பில் ஓடின. அந்தச் சத்தம் கேட்க நன்றாக இருந்தது, ஒன்பது உள்ளங்கைகள் ஒரே நேரத்தில் மரத்தைத் தேய்க்கிற சத்தம். வந்துருச்சு டீச்சர். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிஷம் பாக்கி. கெடாமல் இங்கே வரைக்கும் வந்தாயிற்று, இன்னும் ஒரு தாள், ஒரே ஒரு தாள், மாதாவே. எதிரே பிள்ளைகளின் மேசையிலும் சார் மடியிலும் நாலாவது தாள் விரிந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து பார்க்க அம்பு ஒழுங்காக வலது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. கதிருக்குப் புத்தகத்தில் டார்ச் லைட் படம் போட்டிருந்தார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அவள் வேறு யோசித்து வைத்திருந்தாள். "வாசப்படியில கால வச்சுப் பொறப்படுறீங்க. திரும்பல, வளையல, நிக்கல. நடந்துக்கிட்டே இருக்கீங்க. பொறப்பட்ட இடம் உண்டு, முடியிற இடம் கெடையாது. அதுதான் கதிர். இடது பக்கம் புள்ளி இருக்கும், அங்க விரல வைங்க. அப்படியே வலது பக்கம் போங்க. கடைசியில அம்பு. வந்துருச்சா?" முதல் பெஞ்சு, வந்துருச்சு டீச்சர், மூன்று. ரெண்டாவது பெஞ்சு, நாகஜோதி ஒரு நொடி கழித்து வந்துருச்சு டீச்சர் என்றாள். மூன்றாவது பெஞ்சு. ரியாஸ் அவசரமாக. பிறகு, கேட்காமலே, பின்னாலிருந்து சார் குரல்: "ம். வந்துருச்சும்மா."

சார் வாயால் வந்துருச்சும்மா. ஜெசிந்தாவுக்குத் தோள் ரெண்டும் தானாகக் கீழே இறங்கின. முடிந்தது. அவரே தொட்டுப் பார்த்து அவரே சொல்லிவிட்டார். தாண்டிப்போன பாடத்தை ஐம்பத்தேழு வயதில் விரலால் தொட்டிருக்கிறார். சாயங்காலம் ஸ்டீபனிடம் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போனது எங்கே போனதென்று இப்போது தெரிகிறதா என்று கேட்க வேண்டும். சந்தோஷத்தில் கால் நிற்கவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பின்பக்கம் போனாள், சாரிடம் ஏதாவது சொல்லலாம் என்றுதான். ரெண்டாவது பெஞ்சைத் தாண்டும்போது நாகஜோதியின் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தாள். அம்பு இடது பக்கம் இருந்தது. தாள் தலைகீழாக இருக்கிறது போல என்று நினைத்தாள். தைத்த மூலை மேலேதான் இருந்தது. பக்கத்துப் பிள்ளை தாளிலும் அம்பு இடது பக்கம். முன் பெஞ்சில் மூன்று தாளும் இடது. ஒரு கணம் இடது எது வலது எது என்பதே அவளுக்கு மறந்துபோய், சாப்பிடுகிற கையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு புரிந்தது. பின்பக்கத்திலிருந்து குத்தினால் முன்பக்கத்தில் இடம்வலம் மாறும். பிரெய்லில் எழுதுகிற எவருக்கும் அது மூச்சு விடுவதுபோல. வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போவார்கள், தாளைத் திருப்பி இடமிருந்து வலமாக வாசிப்பார்கள். ட்ரெயினிங்கில் அவளும் ஆறு மாதம் எழுதினாள். எழுத்து என்றால் கை தானாகத் திருப்பிக்கொள்கிறது. படம் என்றதும் கண்ணுள்ளவளுடைய புத்தி வந்துவிட்டது, நோட்டில் போடுவதுபோல இடமிருந்து வலமாக இழுத்துவிட்டாள். முதல் மூன்று தாளும் ரெண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பவை, எப்படித் திருப்பினாலும் வித்தியாசம் தெரியாது. கதிர்தான் மாட்டிக்கொண்டது. எதிரே நின்று பார்த்தவளுக்குப் பிள்ளைகளின் இடது தன்னுடைய வலது, அதனால் சரியாகவே தெரிந்தது. தப்பின்மேல் இன்னொரு தப்பு உட்கார்ந்து ரெண்டும் சேர்ந்து சரிபோல இளித்திருக்கிறது.

சரி, தாள் தப்பு. தாள் தப்பாவது பெரிய குற்றமா? அது இல்லை. அவள் நடுவழியில் நின்றுவிட்டது வேறு ஒன்றுக்காக. அம்பு வலது பக்கம் இல்லை. வலது பக்கம் போனால் ஒரு புள்ளி, அதற்கப்புறம் வெறும் தாள். இல்லாத அம்பை ஒன்பது பேரும் வந்துருச்சு என்றார்கள். அப்படியானால் முதல் தாளுக்குச் சொன்ன வந்துருச்சு என்ன? ரெண்டாவதற்கு? ஜூலையில் பின்னம் நடத்தியபோது, காகிதத் தட்டைக் கால் கால் பங்காக வெட்டிக் கொடுத்துப் புரியுதா என்றபோது, புரியுது டீச்சர் என்று ஒன்பது குரலில் சொன்னார்களே, அது? ஜூன் மாதத்திலிருந்து அவள் கேட்ட எல்லா ஆமாமும் வரிசையாக எழுந்து நின்றன. கண்ணுள்ள டீச்சர் ஒன்றைக் கேட்டால் வந்துருச்சு என்று சொல்ல வேண்டும், அதுதான் இவர்கள் படித்த பாடம், அதில் நூற்றுக்கு நூறு. ஊசி போட்ட இடம் என்று சொன்னானே ரியாஸ், அதுகூட அவள் தவிக்கிறாள் என்று தெரிந்து கொடுத்ததோ என்னவோ. பிறகு சார். சாருமா? அவர் எதற்குச் சொன்னார்? அவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை, பிடிபடவில்லை என்று சொல்ல ஹெட்மாஸ்டருக்குக் கூச்சம், அதனால் வந்துருச்சு. அப்படித்தான் இருக்க வேண்டும். இந்த அறையில் நாற்பது நிமிஷமாக நடந்தது எல்லாமே அவளுக்காக நடந்திருக்கிறது. அவள் வந்தாள், அவள் சந்தோஷப்பட்டாள், இவர்கள் பாவம் பார்த்து அனுப்பி வைக்கிறார்கள். அழுகையைவிடக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

மடக்குக் கோல் விரியும் சத்தம் கேட்டது. சார் எழுந்துவிட்டார். "நல்லாத்தாம்மா போகுது. பாடத்த முழுசா நடத்துங்க. நான் டைம் டேபிள்ல போட்டுறச் சொல்றேன்" என்றார். இதைக் கேட்கத்தான் ரெண்டு வாரமாகச் சாப்பாடு இறங்காமல் கிடந்தாள். இதோ கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நன்றி சார் என்றால் போதும். அவர் போனபிறகு பிள்ளைகளிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்; நாளைக்கு வேறு தாள் குத்திக்கொண்டு வரலாம்; யாருக்கும் தெரியாது, இந்த அறையில் கண்ணுள்ளவள் அவள் ஒருத்திதான். அந்தக் கடைசி நினைப்பு வந்ததும் அவளுக்கே தன்னைப் பிடிக்காமல் போயிற்று. ஆனாலும் சொன்னால் என்ன ஆகும்? டீச்சருக்கே கதிர் போடத் தெரியவில்லை, பிள்ளைகளுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை, நடத்திப் பார்த்தோம் ஆகவில்லை, முடிந்தது. நாலாவது பாடத்தை அவள் கையாலேயே மூடிய மாதிரி. சொல்லாவிட்டால் பாடம் இருக்கும்; அதில் ஒரு பொய்யும் இருக்கும், வருஷா வருஷம் ஒன்பது பத்துப் பேர் வந்துருச்சு டீச்சர் என்று சொல்லிக்கொண்டு. கோல் தரையில் தட்டிக்கொண்டு வந்தது. ரெண்டாவது பெஞ்சைத் தாண்டியது. முதல் பெஞ்சைத் தாண்டியது.

"சார்" என்றாள். குரல் கம்மித்தான் வந்தது, பத்துத் தலையும் அவள் பக்கம் திரும்பின. "ஒரு நிமிஷம் நில்லுங்க சார். அம்பு வலது பக்கம் இல்ல. நான் தாளைத் திருப்பாம குத்திட்டேன். இடது பக்கம் இருக்கு. இல்லாத அம்ப எல்லாரும் வந்துருச்சுன்னு சொன்னீங்க. ஏன்னு எனக்குத் தெரியணும்."

"எல்லாரும் சொன்னாங்க டீச்சர், நானும் சொன்னேன்" என்றான் ரியாஸ், மெதுவாக. முன் பெஞ்சில் ஒருத்தி, தான் தேடவே இல்லை என்றாள், அழுகைக்குக் கிட்டத்தில். அவ்வளவுதான், போயிற்று என்று ஜெசிந்தா நினைத்தாள். அப்போது நாகஜோதி எழுந்தாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர். அம்பு இந்தப் பக்கம் இருந்துச்சு. திருப்பாம குத்திட்டீங்கன்னும் தெரியும். ஒண்ணாங்கிளாஸ்ல எழுத ஆரம்பிக்கிறப்ப நாங்களும் அப்படித்தான் குத்துவோம்."

"அப்புறம் ஏன்டா வந்துருச்சுன்னு சொன்ன?"

நாகஜோதி பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கோல் சத்தம் நின்ற இடத்தைப் பார்க்க முகத்தைத் திருப்பி, டீச்சருக்குச் சொல்வதுபோலச் சாருக்குச் சொன்னாள். "சார் இருக்காங்கள்ல. தப்புன்னு சொன்னா நாலாவது பாடம் போயிரும்ல. நீங்க ஆபீஸ் ரூம்ல பேசுனது கேட்டுச்சு டீச்சர்."

ஜெசிந்தா பக்கத்திலிருந்த பெஞ்சின் முனையில் உட்கார்ந்தாள். ரெண்டு வாரமாகத் தான் மட்டும் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்ததை இந்தப் பெண்ணும் கூடவே சுமந்திருக்கிறாள். தப்பைக் கண்டுபிடித்து, அது எப்படி வந்ததென்றும் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததை விழுங்கி, ஒரு நொடியில் கணக்குப் போட்டு வந்துருச்சு டீச்சர் என்றிருக்கிறாள். அந்த ஒரு நொடி தாமதம் காதில் விழுந்தும் அதை ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாள் இவள். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. அவர் கோலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். செருமினார்.

"நானும் கண்டுபிடிச்சேம்மா" என்றார். "கண்ணு தெரிஞ்சவங்க ஒண்ணக் கையில குடுத்துத் தெரியுதா தெரியுதான்னு கேக்குறப்ப, இல்லன்னு சொன்னா அவங்க குரல் அப்படியே சுருங்கிப் போயிரும். அதக் கேக்க நமக்கு ஆகாது. தெரியுதுன்னு சொல்லிட்டு அடுத்த வேலையப் பாக்குறது. நாப்பது அம்பது வருஷமா அப்படித்தான் பழக்கம். இதுங்களும் என்கிட்ட இருந்துதான் கத்துக்கிட்டிருக்கும்." கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "நான் வேணாம்னு சொல்லத்தான் வந்து உக்காந்தேன். அம்பு இடது பக்கம் இருக்குன்னு கைக்குத் தெரிஞ்சப்ப, இது திரும்பி இருக்குன்னு புரிஞ்சப்ப, அட, நமக்கு இது பிடிபடுதேன்னு ஒரு மாதிரி ஆயிருச்சு. பாடம் நடக்கட்டும். ஆனா இனிமே தாளை நீங்க குத்த வேணாம் டீச்சர். பிள்ளைங்க குத்தட்டும். நீங்க சொல்லிக் குடுங்க. தப்பா இருந்தா அவங்க தப்புன்னு சொல்லுவாங்க." வகுப்பைப் பார்த்து, "சொல்லுவீங்கள்ல?" என்றார்.

"சொல்லுவோம் சார்" என்று ஒன்பது குரலும் ஒன்றாக வந்தது. அதே ராகம். இதுவும் அதேதானா? இதையும் நம்புவதா? மணி அடித்தது. யாரும் எழுவதற்கு முன்னால் அவள் எழுந்து, "இருங்க. நாலாவது தாள். அம்பு எந்தப் பக்கம்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றாள். இந்தமுறை உடனே வரவில்லை. விரல்கள் தாளில் ஊர்கிற சத்தம் கேட்டது. இடது டீச்சர். இடது டீச்சர். முன் பெஞ்சில் தேடவே இல்லை என்றவள் வெகுநேரம் தேடிவிட்டு இடது டீச்சர் என்றாள். நாகஜோதி இடது என்று சொல்லிவிட்டு, புள்ளி வலது என்று சேர்த்துக்கொண்டாள். மூன்றாவது பெஞ்சு. இடது. இடது. ரியாஸ் முறை வந்தது. அவன் அவசரப்படவில்லை. தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். பக்கத்துப் பையன் முழங்கையால் இடித்து இடது என்று கிசுகிசுத்தான். சார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு எந்தப் பக்கமும் இல்ல டீச்சர்" என்றான் ரியாஸ்.

அவள் போய் அவன் தாளின்மேல் விரலை வைத்தாள். புள்ளி இருந்தது. வரி இருந்தது. இடது முனையில் வரி சும்மா நின்றுபோயிருந்தது. மேலும் கீழும் தடவினாள், வழவழவென்று வெறும் தாள். பத்துக் கட்டில் இந்த ஒன்றில் அம்பு போடவே மறந்திருக்கிறாள்.

"ஆமா ரியாஸ்" என்றாள். "இல்ல."